மீன் குழம்பில் வெந்த ரிவால்வர் உருளை

நான் துப்பாக்கி சமைத்தவள். முழுத் துப்பாக்கி அல்ல, அதன் நடுப்பாகம் மட்டும். (மீன் குழம்பில். புளியும் கொஞ்சம் கூடிவிட்டது.)

இத்தாலியில், பலெர்மோ நகரில், வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டில், மனைவியை இழந்த முதியவர் ஒருவரைப் பராமரிப்பது என் வேலை. சிஞ்ஞோரே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மிஞ்சிய சந்தோஷம் தகப்பனின் பழைய ரைபிளும் ஒரு ரிவால்வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடும் திடலுக்குப் போய் அட்டையைச் சுட்டுவிட்டு வருவார். கிழமையில் அன்றைக்கு மட்டும்தான் சிரிப்பார்.

ரைபிளுக்குரிய பழங்காலத் தோட்டா லேசில் கிடைக்காது. ரிவால்வருக்கு வேறு தோட்டா. இரண்டுக்கும் அந்தப் பழைய தோட்டாவே பொருந்த வேண்டும் என்பது மனிதரின் பிடிவாதம். துப்பாக்கி திருத்துபவர் ஒருவர் ரிவால்வருக்குத் தோட்டா போடும் ஆறு துளையுள்ள புதிய உருளை ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். எல்லாம் சட்டப்படி. மாற்றத்தைப் பார்வையிட்டுப் பதிய பொலிஸ் வருவதாக இருந்தது. சிஞ்ஞோரே உருளையைக் கழற்றி, எண்ணெய் பூசி, சமையலறை மேசையில் துணி விரித்து வைத்துவிட்டு, கபோச் சந்தைக்குப் பாண் வாங்கப் போனார்.

பொலிஸ் அரை மணி முந்தி வந்துவிட்டது. கதவின் துளையால் பார்த்தேன். இரண்டு சீருடை. அவ்வளவுதான், பலெர்மோ மறந்து போயிற்று. இலங்கையில், எங்கள் மன்னார் வீட்டில் நின்றேன். உருளையைத் தூக்கிக் கொதிக்கிற குழம்புக்குள் போட்டு, மூடியால் மூடி, முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். (அகப்பையால் ஒருமுறை கிண்டியும் விட்டேன். அடிப்பிடிக்கக் கூடாதல்லவா.)

சிஞ்ஞோரே வந்தார். ரைபிள் இருந்தது, பத்திரங்கள் இருந்தன, உருளை இல்லை. பதிவுக்குப் போன பாகம் தொலைந்தால் அனுமதிப் பத்திரமே போய்விடும் என்றார் பெரிய பொலிஸ்காரர். சிஞ்ஞோரே முழங்காலில் நின்று மேசைக்கடியில் தேடினார். எண்பது வயது முழங்கால். நான் வாய் திறக்கவில்லை. என் பெர்மெஸ்ஸோ, இங்கே வசிப்பதற்கான அனுமதி, புதுப்பிக்கப் போயிருந்தது. வழக்கு ஏதும் வந்தால் இந்த நாட்டில் இருக்க விடமாட்டார்கள். அவர் தேடத் தேட நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிப்பதில்லை.

எழும்ப முடியாமல் அவர் என் கையைப் பிடித்தபோதுதான் மனம் உடைந்தது. அடுப்பை நிறுத்தி, உருளையை அகப்பையால் கோலி எடுத்து, கோப்பையில் வைத்துப் பொலிஸ்காரர் முன்னால் நீட்டினேன். ஒரு துளையில் கறிவேப்பிலை நின்றது.

அவர் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டார். என் அரைகுறை இத்தாலியனில் நான் சொன்னது இதுதான்:

"எங்கடை ஊரிலை யூனிபோம் போட்டவை வரேக்கை வீட்டிலை இப்பிடி ஒண்டும் இருக்கக்கூடாது. அண்ணா காட்டிலை பொறுக்கின மூண்டு வெத்துத் தோட்டாக் கூடு மேசையிலை கிடந்தது. ஒளிக்க நேரமில்லை. அவரைக் கொண்டு போனவை. திரும்பி வரேல்லை."

பெரிய பொலிஸ்காரர் உருளையைத் துடைத்து இலக்கத்தை வாசித்தார். சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

புளியில் கறுப்புப் பூச்சு திட்டுத்திட்டாகப் போனாலும் சுடலாம் என்றார் திருத்துபவர். ஆனால் அடுத்த மாதம் சிஞ்ஞோரே இரண்டு துப்பாக்கிகளையும் பொலிஸில் ஒப்படைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"நீ இருக்கிற வீட்டில் அவை வேண்டாம்," என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சன்னலோரம் சும்மா இருக்கிறார். நான் கேட்காமலே கோப்பி போட்டுக் கொடுக்கிறேன். அதற்குமேல் என்னால் ஆவது ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் கதவுத் திறப்பைக் காணவில்லை, கண்ணாடியைக் காணவில்லை என்றால், "குழம்புக்குள்ளை பாரும்" என்பார் என் மனுசன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும்தான் சிரிக்கிறேன். அவர்களுக்குக் குழம்பு வரைக்கும்தான் கதை தெரியும். தங்களுக்கு ஒரு மாமா இருந்தார் என்று நான் இன்னும் சொல்லவில்லை.