பூக்காத செடிக்குக் காவல்

மருந்துவாழ்மலைச் சரிவில் சத்தியநேசன் போய்ச் சேர்ந்தபோது, ஆடு இரண்டு இலைகளைத் தின்றுவிட்டு மூன்றாவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. பாய்ந்து விரட்டினான்.

நாகர்கோவிலில் தாவரவியல் படிக்கிற மாணவன் அவன். பேராசிரியர் ஞானதாசனே பெயர் சொல்லத் திணறிய செடி அது. மலை முழுக்க அலைந்தும் இன்னொன்று அகப்படவில்லை. பூவைப் பார்க்காமல் இனம் சொல்ல முடியாது என்றார் அவர். பூவோடு வந்தால் சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேரச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார். அன்றோடு சத்தியநேசனுக்குத் தூக்கம் போயிற்று. பூ என்ன நிறமாயிருக்கும்? எத்தனை இதழ்? சோற்றில் கைவைத்தாலும் அதே நினைப்புதான்.

ஆட்டுக்குப் பயந்து சுற்றிலும் முள் வெட்டிப் போட்டான். விறகு பொறுக்க வந்த பெண்கள் அதை ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த தடவை புத்தியைத் தீட்டினான். செடியை ஒட்டி ஒரு நெட்டைக் கல்லை நட்டு, சிவப்புத் துணியைச் சுற்றினான். ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன் செய்கிற காரியமா இது என்று மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் சிவப்புத் துணி சுற்றிய இடத்தில் நாஞ்சில் நாட்டில் எவன் கைவைப்பான்?

ஒருவரும் கைவைக்கவில்லை. மறுவாரம் குங்குமம் வந்தது. அடுத்து விளக்கு. பிறகு ஓலைப்பந்தல், மணி, வெள்ளிக்கிழமைப் பொங்கல். செருப்போடு ஏறிவந்த சத்தியநேசனைத் தூரத்திலேயே நிறுத்தினார்கள். செருப்பைக் கழற்றினான். குளிக்காதவனுக்குப் பந்தலுக்குள் இடமில்லை என்றார் விளக்கேற்றுகிற கிருஷ்ணமணி. எட்டிப் பார்த்தால் மாலைகள்தான் தெரிந்தன. போகட்டும், இனி ஆடு வராது என்று சந்தோஷமாகவே இறங்கிப்போனான்.

மொட்டு விரிகிற காலம் வந்தது. தலைக்குக் குளித்து, பேராசிரியரையும் வில்வண்டியில் கூட்டிக்கொண்டு போனான். அவரும் மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றினார். மலையேறிய மூச்சு அடங்குமுன் பூதக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

சத்தியநேசன் கிருஷ்ணமணியை ஓரமாக அழைத்தான்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்பிடாது. சாமி செடின்னு தெரியும். ஒரே ஒரு பூவு பறிச்சுக்கிடட்டுமா?"

கிருஷ்ணமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பந்தலைத் திரும்பிப் பார்த்தார்; அவனைப் பார்த்தார்.

"செடியா? சாமி மொகத்த மறச்சிக்கிட்டு ஒண்ணு நின்னுதே, அதயா கேக்குத மக்கா? பந்தக்கால் நட்ட அன்னைக்கே புடுங்கிக் களஞ்சாச்சே."