எண் வருமுன் மருந்து கூடாது

மனித குலம் நெருப்பை மூட்டக் கற்றதும் சக்கரத்தை உருட்டக் கற்றதும் பெரிய காரியங்களே, மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்விரண்டையும் கண்டறிய ஒரு குழு அமைக்கப்பட்டதாகவோ, அக்குழுவின் கூட்டக் குறிப்பு மூன்று படிகளில் தட்டச்சு செய்யப்பட்டதாகவோ சான்று ஏதும் இல்லை. வரலாற்றின் இந்தப் பெருங்குறையைப் போக்கவே ஒரு பெரிய மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் 'தண்டுவட நீர் உயிர்க்குறி உயர்நிலைக் குழு' உதயமாயிற்று.

அக்குழுவின் உயிர்நாடி ஆய்வகத்துக்காரர். முதுகெலும்பின் இடுக்கில் ஊசி செலுத்தி எடுக்கப்படும் தண்டுவட நீரை முப்பது ஆண்டுகளாக ஒரு சொட்டும் சிந்தாமல் கையாண்டவர் என்பதால் வாயிற்காவலர் முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவர் 'துளி சார்'. அந்தப் பட்டத்தில் கேலி கலந்திருந்ததை அவர் அறிந்ததில்லை. அறிந்திருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பார்.

குழு ஆராய எடுத்துக்கொண்ட கருவியும் சாமானியமானதன்று. மூளைக்காய்ச்சல் வைரஸால் வந்தால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். பாக்டீரியாவால் வந்தாலோ, ஒவ்வொரு மணி நேரமும் ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். உயிரை விட்டுவைத்தாலும் போகிற போக்கில் காதைப் பறித்துக்கொண்டு போகும். தண்டுவட நீரில் லாக்டேட் என்னும் பொருள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தால் இரண்டில் எது என்பது ஏறக்குறைய விளங்கிவிடும். ரொட்டி சுடும் பெட்டி அளவே இருந்த அந்தக் கருவி பன்னிரண்டே நிமிடத்தில் எண்ணைச் சொல்லிவிட்டது. இவ்வளவு விரைவு மருத்துவமனையின் மாண்புக்கு உகந்ததன்று எனப் பலரும் கவலையுற்றனர். அக்கவலையைத் தீர்த்தவர் துளி சார்.

"ஆன்டிபயாடிக் உள்ள போனா லாக்டேட் எறங்கிடும், சார்," என்று முதற்கூட்டத்திலேயே எழுந்து நின்றார். "எண்ணுல சந்தேகம் வந்து ரெண்டாவது குழாய் எடுக்க வேண்டி வந்தா என்ன செய்யறது? நம்ம ஆய்வே அழுக்காயிடுமே!"

குழுத்தலைவர் கண்கலங்கினார். "அழுக்கு" என்ற சொல் அவரை எப்போதும் அப்படித்தான் பாதிக்கும். அன்றே துளி சாரின் அழகிய கையெழுத்தில் விதி நான்கு பிறந்தது: 'எண் வருமுன் மருந்து கூடாது. தலைவர், புள்ளியியல் அலுவலர், ஆய்வகத்தார் ஆகிய மூவரின் கையெழுத்தும் இல்லாத எண், எண் ஆகாது.' குறிப்பேட்டில் இதற்கடுத்து அடைப்புக்குறிக்குள் 'கைதட்டல்' என்று பதிவாகியுள்ளது.

பத்து மாதங்களில் பதினொரு குழாய்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் கருவி பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. கையெழுத்துகள் சராசரியாக மூன்று மணி நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டன. பதினொன்றிலும் எண் 'பாக்டீரியா' என்றது. சில நாட்கள் கழித்துக் கிருமி வளர்ப்புச் சோதனையும் அதையே சொன்னது. துல்லியம் நூறு விழுக்காடு! துளி சார் பதிவேட்டில் குழாய் எண், லாக்டேட் எண், நேரம், மூன்று கையெழுத்து எனக் கட்டம் கட்டி எழுதினார். குழாய்க்கு உரியவர் பிறகு என்ன ஆனார் என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததைக் கேட்பது அவர் வழக்கமும் இல்லை.

பன்னிரண்டாவது குழாய் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் வந்தது. வழக்கம்போல் பெயர் இல்லை, எண் மட்டும். துளி சார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆரோக்கியமான தண்டுவட நீர் குடிநீர்போல் தெளிந்திருக்கும். இதுவோ துணி துவைத்த சோப்புத் தண்ணீர்போல் கலங்கியிருந்தது.

"அடடா, அருமையான கலங்கல்!" என்று மனம் குளிர்ந்தார்.

பன்னிரண்டு நிமிடத்தில் எண் வந்தது: ஒன்பது புள்ளி இரண்டு. மூன்றரையைத் தாண்டினாலே பாக்டீரியா என்று ஐயப்பட வேண்டும். துளி சார் மகிழ்ச்சியோடு முதல் கையெழுத்தைப் போட்டு, இரண்டாம் கையெழுத்தைத் தேடிப் புறப்பட்டார். புள்ளியியல் அலுவலரின் நாற்காலியில் அவருடைய கோட்டு மட்டும் அமர்ந்திருந்தது. சார் எங்கே என்று கேட்க, துளி சார் மேசைமேலிருந்த தொலைபேசியில் பூஜ்யத்தைச் சுழற்றினார். மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரிபவர் அவருடைய சொந்தத் தங்கை. யார் எந்த அறையில் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அதற்குமுன் அண்ணனை நாலு வார்த்தை கிண்டலும் செய்வார்.

அன்று பேசியது வேறு குரல்.

"எங்கம்மா என் தங்கச்சி?"

"அக்காவா? காலையிலயே முடியலன்னு சொன்னாங்க சார். ட்யூப் லைட்டப் பாத்தா கண்ணு கூசுது, கழுத்தக் குனிய முடியலன்னாங்க. வார்டுக்குக் கூட்டிட்டுப் போய் முதுகுல ஊசி போட்டுத் தண்ணிகூட எடுத்தாச்சாம். ஏன் சார், உங்களுக்குத் தெரியாதா?"

துளி சார் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அன்று வந்தது ஒரே ஒரு குழாய்.

தலைவரின் அறைக்கு அவர் ஓடிய ஓட்டத்தைக் கண்ட தாழ்வாரம், 'இவருக்கு ஓடத் தெரியுமா?' என்று வியந்தது. தலைவர் மாநாட்டுப் பையின் வார் நீளமாக இருக்க வேண்டுமா, குட்டையாக இருக்க வேண்டுமா என்ற சிக்கலில் மூழ்கியிருந்தார்.

"சார், ஒன்பது புள்ளி ரெண்டு! சீக்கிரம் ஒரு கையெழுத்து!"

"பிரமாதம்! புள்ளியியல் போட்டுட்டாரா?"

"அவர் எங்க இருக்காருன்னே தெரியல சார்."

"வரட்டுமே. வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சார், அது என் தங்கச்சி."

தலைவர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். "பெருமையா இருக்குய்யா. குடும்பமே ஆய்வுக்கு ஒத்துழைக்குது!"

"இந்த ஒரு தடவை விதி நாலத் தளர்த்தலாமா சார்? மருந்த மட்டும் முன்னாடி..."

"நீங்களா கேக்கறீங்க?" தலைவரின் குரல் தழுதழுத்தது. "அத எழுதினதே நீங்கதானே? எவ்வளவு அழகா எழுதியிருந்தீங்க!"

துளி சார் வார்டுக்கு ஓடினார். கட்டிலில் தங்கை, கண்களின்மேல் ஈரத்துணியோடு கிடந்தாள். அவள் கையில் ஊசி ஏறியிருந்தது; தலைமாட்டில் மருந்துப் பாட்டில் தொங்கியது; அதில் பாதி காலி. அருகில் வார்டு சிஸ்டர், போன வாரம்தான் வேறு வார்டிலிருந்து மாற்றலாகி வந்தவர், சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர்... இது ஆன்டிபயாடிக்கா?"

"பின்ன, எலுமிச்சம்பழச் சாறா?"

"எப்ப போட்டீங்க?"

"சின்ன டாக்டர் குழாய மூடினார், நான் பாட்டிலத் தொறந்தேன். பாவம், 'விதி நாலு, விதி நாலு'ன்னு முணுமுணுத்தார். மருந்த எழுதிக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்னேன். எழுதிட்டார்."

"ரெண்டாவது குழாய் எடுக்க வேண்டி வந்திருந்தா..."

"தண்ணிய நீங்களும்தானே பாத்தீங்க? அந்தக் கலங்கலுக்கு எதுக்கு ரெண்டாவது குழாய்? அப்படியே சந்தேகம்னாலும், மருந்து அவங்க ஒடம்புக்குள்ள போகுது. மொதல்ல எடுத்த குழாய்க்குள்ளயா குதிக்கப்போகுது?"

கட்டிலிலிருந்து மெல்லிய குரல் எழுந்தது.

"அண்ணா, என் தண்ணியச் சிந்தாம வச்சிருக்கியா?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பத்தாம் நாள் தங்கை எழுந்து நடந்தாள். மூன்றாம் வாரம் இணைப்பகத்தில் அமர்ந்து, பழையபடி எல்லோரையும் கண்டுபிடித்தாள். குழு இந்த அவலத்தை வாளாவிருந்து பார்க்கவில்லை. உடனே விசாரணை நடத்தியது. சிஸ்டரிடம் எழுத்து வழியே விளக்கம் கேட்கப்பட்டது. 'நோயாளி பிழைத்துவிட்டார். வருந்துகிறேன்' என்று அவர் ஒரே வரியில் விடை எழுதினார். வருத்தம் தெரிவித்திருந்ததால் குழு அவரைப் பெருந்தன்மையோடு மன்னித்தது. பன்னிரண்டாம் குழாய் மட்டும் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது. காரணம்: 'எண்ணுக்கு முன் மருந்து பெற்றவர்.'

அழுக்கு நீங்கிய ஆய்வுக்கு 'முன்மாதிரி ஆய்வு' விருது கிடைத்தது. விழாவுக்கு ஆய்வில் பங்கேற்ற பதினொருவரையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்தத் தலைவர் விரும்பினார். தொலைபேசியில் அழைக்கும் பொறுப்பு இணைப்பகத்துக்கு வந்தது. துளி சார் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தங்கையின் பக்கத்தில் போய் அமர்ந்தார். வார்டிலிருந்து வாங்கிவந்த தொலைபேசி எண்களை அவர் படிக்க, அவள் சுழற்றினாள்.

முதல் அழைப்பில் அவள் கலகலவென்று தொடங்கினாள். மூன்றாவதில் குரல் இறங்கியது. ஆறாவதில் "சரிங்க... தெரியாமக் கேட்டுட்டேங்க... மன்னிச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னாள். பதினொன்றும் முடிந்தபின் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு பேர் வர்றாங்க அண்ணா. அஞ்சு பேருக்குக் காது போயிடுச்சு. வீட்டு ஆளுங்கதான் பேசினாங்க."

"மிச்சம் நாலு?"

அவள் பதிவேட்டில் நான்கு வரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு, "எனக்குக் காது கேக்குதுண்ணா," என்றாள். ஏதோ தப்புச் செய்துவிட்டவள்போலச் சொன்னாள்.

துளி சார் பதிவேட்டைத் தம் பக்கம் இழுத்தார். பிறகு அளவுகோலை எடுத்தார். கடைசிக் கட்டத்துக்கு வலப்புறம், வெற்றிடமாக இருந்த ஓரத்தில், ஒரு புதிய கட்டத்தை நேராகக் கோடு இழுத்து உண்டாக்கினார். தலைப்பில் 'பிறகு' என்று எழுதினார். பதினொரு வரிகளையும் தம் அழகிய கையெழுத்தில் நிரப்பினார். நீக்கப்பட்ட பன்னிரண்டாம் வரியையும் மீண்டும் சேர்த்து, அதற்கு நேராக 'கேட்கிறது' என்று எழுதினார்.

தலைவரின் அறையில் விழா ஏற்பாடு களைகட்டியிருந்தது.

"என்னய்யா, எல்லாரும் வர்றாங்களா?"

"அஞ்சு பேருக்குக் காது கேக்காது சார்."

"அடடா. அப்ப ஸ்பீக்கர் ரெண்டு கூடுதலா வைக்கச் சொல்லுங்க."

"நாலு பேர் இல்ல சார்."

"நாற்காலிய எடுத்துடாதீங்க. முன்வரிசை காலியா தெரிஞ்சா நல்லா இருக்காது."

துளி சார் பதிவேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். புதிய கட்டத்தின் அடியில் 'விதி நான்கை எழுதியவர்' என்று குறித்து, தலைவரின் முன்னாலேயே கையொப்பமிட்டார். பிறகு மிகுந்த மரியாதையோடு பதிவேட்டைத் தலைவர் பக்கம் திருப்பினார்.

"இது என்ன?"

"ஆய்வோட முடிவு சார். மூணு கையெழுத்து இல்லாம எதுவும் வெளிய போகக்கூடாதுங்கறது விதி. மொதல் கையெழுத்து நான் போட்டுட்டேன்."

பத்து மாதங்களில் முப்பத்து மூன்று கையெழுத்துகள் கண்ட அக்குழுவின் வரலாற்றில் முதன்முறையாகத் தலைவர் தம் பேனாவைத் தேடத் தொடங்கினார். மேசை இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார். கோப்புகளைத் தூக்கிப் பார்த்தார். மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். துளி சார் அசையாமல் நின்றார். தலைவரின் சட்டைப்பையிலேயே இருந்த அந்தப் பேனா அகப்படும்வரை, சராசரி நேரமான மூன்று மணி நாற்பது நிமிடமும் காத்திருக்கத் துளி சார் ஆயத்தமாகவே வந்திருந்தார்.