தங்கள் கோட்டு பத்திரமாக இருக்கிறது

சேசு மரி சூசை துணை

தாராவி, பம்பாய்
22-12-1964

மகா கனம் பொருந்திய மச்சான் சிங்கராயர் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஏஞ்சலம்மாளுக்குப் புருஷனாக வாய்த்த தனசீலன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டாரும், கலியாணப்பெண் இருதயமேரியும் சுகமாக இருக்கவும், தங்கள் மூக்குப்பொடி டப்பா என்றும் காலியாகாமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் நல்ல சமாசாரம். ஆகஸ்டில் வந்தபோது மழையில் நனைந்துவிட்டது என்று இங்கே காயப்போட்டு, அப்படியே மறந்துபோனீர்களே, அந்தக் கறுப்புக் கோட்டு பத்திரமாக இருக்கிறது. ஜனவரி பத்தாம் தேதி மகள் நிச்சயதார்த்தத்துக்கு அதைத்தான் போட வேண்டும் என்று மூன்று கடிதம் எழுதிவிட்டீர்கள். கவலை வேண்டாம். போன மாதமே நானே என் கையால் மடித்து, பாச்சை உருண்டை போட்டு, பழைய வேட்டியில் சுற்றி, கோணி ஊசியால் நாலு பக்கமும் தைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். இன்று சாயங்கால வண்டியில் ஊருக்கு வரும் அடுத்த வீட்டு ஆறுமுகநயினார் இந்தக் கடிதத்தோடு கொண்டுவந்து தருவார்.

இனி தங்கள் தங்கையைப் பற்றி. மச்சான், ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான் மரியாதை வரும். ஒன்பது வருஷம் காத்திருந்து, இந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் எங்கள் கோயிலில் பாலன் இயேசுவின் சுரூபத்தைக் கையில் ஏந்திப் போய்க் குடிலில் கிடத்தும் முறை எனக்கு வந்தது. உபதேசியாருக்கு ஒரே ஒரு சட்டம்: கோட்டுப் போட்டவர்தான் தூக்கலாம். எனக்கென்ன, கலியாணக் கோட்டு ஆணியில் தொங்குகிறது என்று மார்தட்டிக்கொண்டு வந்து பார்த்தால், ஆணி இருக்கிறது, கோட்டைக் காணோம். அடுப்படியில் புது எவர்சில்வர் இட்லிப் பானை பல்லைக் காட்டுகிறது! இந்த ஊரில் கூடையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கூவி, பழைய துணியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கிறாளே ஒருத்தி, அவளிடம் தங்கள் தங்கை அதைப் போட்டுவிட்டாள்! கேட்டால், "சும்மாதானே தொங்கிச்சு? ரெண்டு சேலையும் ஒரு நிக்கரும் கொடுத்தேன், இட்லித் தட்டு மட்டும் தருவேன்னா. கோட்டையும் போட்டேன், பானையோட தந்தா" என்கிறாள். என் மானத்தில் இட்லி அவிக்கிறாள், மச்சான்! இது தங்கள் வீட்டு வளர்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளையும் இழுத்துக்கொண்டு குர்லாவில் தண்டவாளத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய துணிச் சந்தைக்குப் போனேன். பாத்திரக்காரிகள் வாங்குகிற துணியெல்லாம் கடைசியில் அங்கேதான் குவியுமாம். பம்பாய் முழுக்கக் கழற்றிப் போட்ட சட்டைக்குள் என் கோட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. மேலப்பாளையத்து ஜமால் என்று ஒருவன், நம்மூர்ப் பேச்சைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, இத போட்டுப் பாருங்க. கவர்னர் மாதிரி இருக்கீக!" என்று ஒரு கறுப்புக் கோட்டை மாட்டினான். தோள் ஏறத்தாழ சரி. ஆனால் வயிற்றுப் பக்கம்! உள்ளே இன்னொரு தனசீலன் குடித்தனம் நடத்தலாம். "காத்தோட்டமா இருக்கும்லா" என்றான் பாவி.

அதைத் தைத்துப் போட்டவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருப்பான் என்று நினைக்கிறீர்கள்? தொந்தி, நெல் கொட்டி வைக்கும் குலுக்கை. வலது பை முழுக்க மூக்குப்பொடி. உதறினேன், சந்தையே தும்மியது. இடது பையில் ஓட்டைக் காலணா ஒன்று; பையின் வாய் ஒரு நூல்கூடத் தேயவில்லை. காணிக்கைத் தட்டு வந்தபோதெல்லாம் கண்ணை மூடி ஜெபம் பண்ணின கஞ்சன்! தங்கள் தங்கையோ கோட்டை மூக்கில் வைத்துக்கொண்டு, "இந்தாங்க, எங்க அண்ணன் வாசம் அடிக்கு" என்று கண்ணைத் துடைக்கிறாள். "பொடி போடுதவனெல்லாம் உனக்கு அண்ணனாக்கும்? பேசாம வா" என்று சத்தம் போட்டு, ஜமால் கேட்டதைக் கொடுத்துத் தொலைத்தேன்.

கொண்டுபோன பையில் இடமில்லை. உச்சி வெயிலில் கோட்டைப் போட்டுக்கொண்டே மாட்டுங்காவுக்குப் பலசரக்கு வாங்கப் போனேன். அதிரசத்துக்கும் முறுக்குக்கும் பச்சரிசி, கருப்பட்டி, தேங்காயெண்ணெய், கேக்குக்குச் சர்க்கரை. கடையில் கூட்டம். சர்க்கரை கிடைக்காத காலம். எனக்கு முன்னால் நின்றவருக்குக் கடைக்காரர் பிரம்மநாயகம் கமுக்கமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கோட்டைப் பார்த்ததும் பொட்டலம் கல்லாவுக்குக் கீழே போயிற்று. "வாங்க சார், ஸ்டாக்கு போர்டு பாத்துக்கிடுங்க. சர்க்கரை ஒரு பொட்டுக் கிடையாது" என்றார்.

"நான் ரேஷன் இன்ஸ்பெக்டர் இல்லவே, தாராவிக்காரன்!"

"எல்லா இன்ஸ்பெக்டரும் முதல்ல அப்பிடித்தான் சார் சொல்லுதாக."

கழற்றிக் காட்டினேன். மாறுவேஷம் என்று பின்னால் நின்றவர்களும் நழுவினார்கள். சர்க்கரை இல்லை, கேக் இல்லை. எல்லாம் அந்தத் தொந்திக்காரன் கோட்டால்.

நேற்று சந்து முனைத் தையல்காரரிடம் கொடுத்து, முன்னும் பின்னுமாக ஒரு முழம் துணியை வெட்டி எடுக்கச் சொன்னேன். இப்போது எனக்குக் கச்சிதம். வெட்டின துணியில் தங்கள் தங்கை இட்லிப் பானை இறக்க இரண்டு பிடிதுணி தைத்துக்கொண்டாள். வெட்கம் உண்டா பாருங்கள். மூத்தவர் என்ற முறையில் அவளுக்குக் கடுமையாக நாலு வரி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பிறக்கப்போகும் பாலன் தங்கள் வீட்டில் சகல பாக்கியங்களையும் நிறைப்பாராக. இருதயமேரிக்கு எங்கள் முத்தம்.

இப்படிக்கு,
அவமானப்பட்ட
தனசீலன்

பி.கு.: ஆறுமுகநயினார் வந்தார். "தைச்ச மூட்டையெல்லாம் தூக்க மாட்டேன்வே. மதுவிலக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கான். உள்ள பாட்டில் கீட்டில் இருந்தா நானா கம்பி எண்ணுவேன்? பிரிச்சுக் காட்டும்" என்றார். பிரித்தேன். உள்ளே என் கலியாணக் கோட்டு இருக்கிறது. தைத்தவன் நான்தான். ஆணியில் தொங்கினது, பாத்திரக்காரியிடம் போனது, குர்லாவில் நான் திரும்ப வாங்கினது எல்லாம் எது என்று தங்களுக்குப் புரிந்திருக்கும்.

கடிதத்தைக் கிழித்து வேறு எழுதப் போனேன். ஏஞ்சலம்மாள் பிடுங்கி வைத்துக்கொண்டு, "ஒரு எழுத்து மாத்தினீக, பாலனைத் தூக்குத ஆளு லட்சணத்தை உபதேசியார்கிட்ட சொல்லிருவேன். எங்க அண்ணன் படிக்கட்டும்" என்கிறாள். ஆகையால் அப்படியே அனுப்புகிறேன். தங்கள் கோட்டும் வருகிறது. பிடிதுணி இரண்டும் உள்ளே இருக்கின்றன, ஒட்டுப்போட உதவும். இது கிறிஸ்துமஸ் அன்று தங்கள் கைக்குக் கிடைக்கும். நிச்சயதார்த்தத்துக்குச் சரியாகப் பதினாறு நாள் இருக்கிறது. மச்சான், தயவுசெய்து கையில் எடுத்த அந்த அதிரசத்தைக் கீழே வையுங்கள்.