ஒல்லி டயரின் மகிமை

மனித குலம் சக்கரத்தின் விஷயத்தில் இரண்டே முறைதான் முன்னேறியிருக்கிறது. முதல் முறை, அதைக் கண்டுபிடித்தபோது. இரண்டாம் முறை, போன ஆவணியில் போடிநாயக்கனூரில், என் கணவர் லிங்கேஸ்வரன் எங்கள் காருக்கு ஒல்லி டயர் மாட்டியபோது. முதல் நிகழ்ச்சிக்குச் சாட்சி இல்லை. இரண்டாவதற்கு என் முதுகெலும்பு சாட்சி.

அந்த முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியிருக்கிறது. "ஜீப்புல ஏறவே கூடாதும்மா. கார்ல மெதுவாப் போகலாம். குலுங்காமப் போற வரைக்கும்தான் உங்களுக்கு மலை" என்று தேனி டாக்டர் சொல்லியிருந்தார். மலை ஏறி முடிகிற கணவாயான மெட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா என் பேருக்கு எழுதிவைத்த ஏலக்காடு இருக்கிறது. வாரம் ஒரு நாள் போவேன். காய் எடுப்பைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்வேன். போய், காய் உலர்த்தும் ஸ்டோரின் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். வேலை செய்யும் முத்துப்பேச்சி டீ கொண்டுவந்து வைப்பாள். அந்த டீயை நான் போடவில்லை என்பதுதான் அதன் ருசி.

ஆகவே அந்தக் கார்தான் எனக்கு மிச்சமிருந்த மலை. அதன் பழைய டயர்கள் பார்க்க லட்சணமாக இருக்காது. ரிம்மைச் சுற்றி ஐந்து அங்குலத்துக்கு உப்பலான ரப்பர். பள்ளத்தில் விழுந்தால் அந்த ரப்பர் முதலில் அமுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத்தான் எனக்கு அனுப்பும். போதாக்குறைக்கு இடது முன் டயரில், ஸ்டோர் கேட்டுக்கு அடித்த நீலப் பெயிண்ட் திட்டாக ஒட்டியிருந்தது.

இந்த அவலத்தைப் போக்க, ராக்கையாவின் டயர் கடையில் 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது. தலைமை, கடைக்காரர் ராக்கையா. தொழில்நுட்ப ஆலோசகர், என் கணவரின் சேக்காளி தங்கபாண்டி. எங்களுடையதைப் போலவே அவரிடமும் ஒரு கார் இருப்பது அவருடைய தகுதி. பயனாளி என்ற முறையில் நான் காருக்குள் உட்கார அனுமதிக்கப்பட்டேன்.

"மாப்ளே, இது வண்டி மாதிரியா இருக்கு? இட்லிக் குண்டானுக்குச் சக்கரம் வச்ச மாதிரில்ல இருக்கு" என்றார் தங்கபாண்டி.

"ரிம்மைப் பெருசாக்கிட்டு, சைடுவாலை, அதேன் இந்தப் பக்கவாட்டு ரப்பரை, கொறச்சிருவோம்ணே. வளைவுல சாயாது. ஸ்டியரிங்கைத் தொட்டாத் திரும்பும். வெளிநாட்டுல இப்ப எல்லாம் இதேன்" என்றார் ராக்கையா.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த வெளிநாட்டில் மழை பெய்த மறுநாள் ஏலக்காட்டுக்குப் போகும் பாதை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ரப்பர் கொறஞ்சாக் குலுக்கல் ஜாஸ்தி ஆகாதாண்ணே?" என்றேன்.

"நீ சும்மா இரு சுகன்யா. ஒன் முதுகுக்காகத்தேன் இவ்வளவும் பண்றேன்" என்றார் என் கணவர்.

எனக்காகச் செய்யப்படும் ஒன்றை எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஒருத்தி எவ்வளவு கெட்டவளாக இருக்க வேண்டும் என்று யோசித்தேன். அவ்வளவு கெட்டவளாக நான் இன்னும் ஆகவில்லை. முயன்றுகொண்டிருக்கிறேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பழைய சக்கரம் நாலையும் ரிம்மோடு 'அப்புறப்படுத்தும்' பொறுப்பைத் தங்கபாண்டி பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். புது டயருக்குச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தார்கள். கார் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கியது. எந்தச் சக்கரம், எந்தப் பழம் என்று என் முதுகு துல்லியமாகச் சொல்லிவிடும் போலிருந்தது.

பலன்கள் உடனே தெரிந்தன. புது டயர் மொத்தத்திலேயே கொஞ்சம் சின்னது. அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். மீட்டர் சுற்றைத்தான் எண்ணும், ஊரை எண்ணாது. எனவே போடிக்கும் மெட்டுக்கும் நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் மலை புதிதாக முளைத்தது. வருவாய்த்துறை இன்னும் கவனிக்கவில்லை.

"பாத்தியா, லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடக் குடுக்குது" என்றார் என் கணவர். வேகமும் அப்படித்தான். முள் அறுபதைத் தொட்டு நின்றது. பின்னால் வந்த லோடு ஜீப் எங்களைச் சலிப்போடு முந்திப் போனது. கொண்டை ஊசி வளைவுகளில் கார் சாயவே இல்லை. ராக்கையா வாக்குத் தவறவில்லை. சாய்ந்தது நான்தான். ஒவ்வொரு கல்லையும் கார் எனக்குத் தனித்தனியாக அறிமுகம் செய்துவைத்தது.

தார் ரோடு முடிந்து காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் என் முகத்தைப் பார்த்து என் கணவர் காரை நிறுத்தினார். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயம். அங்கே ஜீப் ஓட்டும் சோணை நின்றிருந்தான்.

"குலுக்குதாக்கா? அதுக்கென்ன, காத்தைப் பாதி எறக்கிருங்க. நாங்க டெய்லி அப்படித்தேன் உள்ள போறோம்."

மலையில் இது காலங்காலமான பழக்கம். ஜீப்பின் கொழுத்த டயரில் காற்றை இறக்கினால் ரப்பர் பிதுங்கி மெத்தையாகும். எங்கள் டயரில் பிதுங்க ரப்பரே இல்லை என்பதை இருவரும் பொருட்படுத்தவில்லை. 'புஸ்' என்று காற்று இறங்கியது. அடுத்த பள்ளத்தில் ரிம்மே நேராகப் பாறையைச் சந்தித்தது. ரிம் வளைந்தது, டயர் கிழிந்தது. எனக்கு இடுப்புக்குக் கீழே கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. சோணையும் என் கணவரும் என்னைத் தூக்கி இறக்கியபோது ஸ்டோர் ஜன்னல் மேட்டில் தெரிந்தது. அவ்வளவு தூரம்தான் போனேன்.

படுக்கையில் கிடந்த நாட்களில், என் கட்டிலைச் சுற்றியே விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. பாதை குற்றவாளி. மழை உடந்தை. என் முதுகு ஏற்கெனவே பழுதுபட்டது, ஆகவே சாட்சியம் செல்லாது. டயர் மாசற்றது.

"இனி நீ மலைக்கு வரவே வேணாம். காட்டை நான் பாத்துக்கிறேன். நீ நிம்மதியா வீட்ல இரு" என்று என் கணவர் தீர்ப்பு வாசித்தார்.

அன்று முதல் வாரந்தவறாமல் அவரே போகிறார், தங்கபாண்டியின் காரில். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். "முத்துப்பேச்சி நல்லா டீ போடுறா" என்பார்.

நேற்று முதல் முறையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தேன். தங்கபாண்டி தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடது முன் டயரில் நீலப் பெயிண்ட் திட்டு.

"இது எங்க டயர்தானண்ணே?"

"ஆமா தங்கச்சி. சும்மாதான கெடந்துச்சுன்னு மாட்டுனேன். எனக்கும் இடுப்பு ஒரு மாதிரியா இருந்துச்சு பாத்துக்க. இப்ப அப்பிடியே மெத்தையில போற மாதிரி இருக்கு. ஒரு வலி இல்ல."

என் கணவர் முன் ஸீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். "உள்ள போய்ப் படு" என்று அன்பாகச் சொன்னார். கார் குலுங்காமல் தெருமுனை திரும்பியது.

இப்போதும் வாரம் ஒரு நாள் என் டயர் என் மலைக்கு ஏறுகிறது. என் ஜன்னலோரம் என் டீயைக் குடிக்க என் கணவர் போகிறார். எல்லாம் என் முதுகுக்காக.