மேகத்துக்கு ஏற்ற கண்ணாடி

போட்டாதாங், ரங்கூன்
13 ஆகஸ்ட் 2006

அன்பும் மதிப்பும் மிக்க முத்துக்கருப்பன் மாமா அவர்களுக்குப் பிரேம்நாத் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவின் கண்களைத் தவிர மற்றதெல்லாம் சுகம். கல்கரியில் நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். இதற்குமேல் நலம் விசாரிக்க எனக்குத் தெரியாது. "இன்னும் ரெண்டு வரி எழுதுடா, தந்தி மாதிரி இருக்கு" என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள். இதோடு இரண்டு வரி ஆகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய பனிச்சறுக்குக் கண்ணாடி வந்து சேர்ந்தது. முகத்தில் பாதியை மூடும் ஒரு சட்டம், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள நான்கு லென்ஸ். நல்ல தரம். ஆனால் மாமா, நாங்கள் கேட்டது அது இல்லை. ரங்கூனில் இருப்பவருக்கு இதை ஏன் அனுப்பினீர்கள் என்று பல நாள் எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தேன், வீட்டில் சொல்லவும் செய்தேன். இப்போது புரிந்துவிட்டது. குற்றம் உங்கள்மேல் இல்லை. அம்மாமேலும் இல்லை. ஒரு சொல்லின்மேல்.

மே மாதம் அப்பாவை மிங்கலாடோன் பக்கம் ஒரு மடத்தில் நடக்கும் இலவசக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "அத்வின் தெய்ன்" என்று சொல்லி, ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார். அத்வின் என்றால் உள்ளே, தெய்ன் என்றால் மேகம். கண்புரைக்குப் பர்மியர்கள் வைத்திருக்கிற பெயர் அது. அம்மாவுக்குக் கண்புரை என்ற தமிழ்ச் சொல் தெரியாது. எனக்கும் அகராதியைப் பார்த்துத்தான் தெரிந்தது. அம்மா நேரே தெருமுனைக்குப் போய், மேஜைமேல் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணிடம் உங்கள் நம்பரைப் போடச் சொல்லி, தெருவே கேட்கும்படி கத்தினாள்: "தம்பி, அத்தானுக்கு மேகம்டா! மேகம்! மேகத்துக்கு ஏத்தாப்புல நல்ல கண்ணாடியாப் பாத்து அனுப்பு!" நீங்கள் பனிச்சறுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடையில் வேலை செய்கிறவர். உங்கள் கடைக்கு வருகிறவன் தினமும் கேட்கிற கேள்வி அது. "முழு மேகமா அக்கா, விட்டு விட்டா?" என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அம்மாவும், "சில நேரம் தெளிவா இருக்காம், சில நேரம் ஒரேயடியா மூடிக்குதாம்" என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு நான்கு லென்ஸ் அனுப்பியது மிகச் சரியான பதில். கேள்விதான் வேறு.

இன்னொன்றும் நடந்தது. போன் மேஜைக்குப் பக்கத்தில் பூ விற்கிற தைலம்மாளுக்கு அந்தக் காலத்துத் தமிழ் நன்றாகத் தெரியும். மேகம் என்ற சொல்லுக்கு நாட்டு வைத்தியத்தில் இன்னொரு அர்த்தம் இருக்கிறதாம். எனக்குத் தெரியாது. தைலம்மாள் அன்று சாயங்காலமே ஏதோ வேரை அரைத்து எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய், "இந்த வயசுலயா வேலம்மா? எவ வீட்டுப் பக்கம் போனாரு, கேட்டியா?" என்று அழுதிருக்கிறாள். "மிங்கலாடோன் பக்கம்" என்று அம்மா வெள்ளையாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் கோயிலில் கூழ் ஊற்றும்போது கமிட்டிக்காரர்கள் அப்பாவின் கையில் கரண்டியைக் கொடுக்கவில்லை. "நீங்க ஒக்காருங்க மேஸ்திரி, நீங்க எதையும் தொடாதீங்க" என்றார்கள். கண் தெரியாதவன் என்று மரியாதை காட்டுகிறார்கள் என நினைத்து அப்பா நெகிழ்ந்து போனார். நான்தான் எல்லாருக்கும் நடுவில், "மேகம்னா அப்படி என்ன?" என்று சத்தமாகக் கேட்டேன். ஒரு பெரியவர் இருமினார்.

இனிக் கண்ணாடி. பெட்டிக்குள் இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் ஒரு தாள் இருந்தது. சாப்பிடும்போது அதை அப்பாவுக்கு விளக்கினேன். லான்மடாவில் ஒரு கடையில் நாள் முழுவதும் இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறவனுக்கு இது பெரிய வித்தை இல்லை. கறுப்பு லென்ஸ் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும், பளீரென்ற வெயிலுக்கு. ரோஜா நிறம் பாதிக்கும் குறைவாக விடும், வெயிலும் மேகமும் மாறி மாறி வரும்போது. மஞ்சள் பாதிக்குமேல் விடும், மேகம் மூடி மேடு பள்ளம் தெரியாத நேரத்துக்கு. நிறமில்லாதது எல்லாவற்றையும் விடும், இருட்டின பிறகு. விளக்கத்தில் ஒரு தப்பும் இல்லை. அப்பா வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மஞ்சளை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். "டேய், எதிர் வீட்டுக் கம்பி தெரியுதுடா" என்றார்.

அது பொய்யில்லை மாமா. கண்ணுக்குள்ளே சிதறி மங்கலாக்குவது பெரும்பாலும் நீல வெளிச்சம். மஞ்சள் லென்ஸ் அதை நிறுத்திவிடும். புரை அப்படியே இருக்கும், ஆனால் ஓரங்கள் கொஞ்சம் கூர்மையாகத் தெரியும். இதை நான் சொன்னேன். அப்பாவின் காதில் "கூர்மையாகத் தெரியும்" என்பது மட்டும் விழுந்தது. மறுநாள் தானாகவே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், "எனக்குக் கண்ணு சரியாயிருச்சு, என் தேதிய வேற யாருக்காவது குடுங்க" என்று ஆபரேஷனைத் தானம் செய்துவிட்டு வந்தார். புரை முற்ற முற்றக் கல்லாகிவிடும், பிறகு எடுப்பது கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அதை அப்பாவிடம் சொன்னால், "மச்சான் பனியிலயே குடியிருக்கிறவன். அவனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?" என்கிறார்.

இப்போது மழைக்காலம். ஒரு மணி நேரத்துக்குள் வெயில், மேகம், மழை, மறுபடி வெயில். அப்பா நான்கு லென்ஸையும் தோள்பையில் போட்டுக்கொண்டு, தான் மேஸ்திரியாக இருக்கிற படகுத்துறை ஜெட்டியில் நிற்கிறார். வானம் மாறினால் மூட்டை இறக்குவது நிற்கும். சட்டத்தைக் கழற்றி, ஒன்றை எடுத்து, இன்னொன்றை அழுத்தி மாட்டுவார். "ஒரு மூட்டைக்கு ஒரு கண்ணாடியா மேஸ்திரி?" என்று கூலிகளின் தலைவர் ஜமால் காக்கா முதலில் கேலி செய்தார். பிறகு அவரே ஒன்றைக் கவனித்தார். அப்பா மஞ்சளை எடுத்தால் சிறிது நேரத்தில் மழை வருகிறது. மேகம் மூடினால் மழை வரும் என்பதற்கு அப்பாவின் கண்ணாடி எதற்கு? கேட்டால், "நாங்க குனிஞ்சு தூக்குறவங்க தம்பி, வானத்த யாரு பாக்கிறது?" என்கிறார். இப்போது அப்பா மஞ்சள் போட்டால் ஜெட்டி முழுவதும் தார்ப்பாய் விரிகிறது. ரோஜா போட்டபோது பாதி சுருட்டினார்கள். பர்மியக் கூலிகள் அவருக்கு ஊ தெய்ன், அதாவது மேக ஐயா, என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா அந்தப் பெயரில் கூப்பிட்டால்தான் திரும்புகிறார்.

ரோஜா இப்போது இல்லை. உள்பக்கத்தைத் துடைக்கக் கூடாது, பனி படியாமல் இருக்க ஒரு பூச்சு இருக்கிறது என்று தாளில் போட்டிருந்தது. அம்மா அழுக்கு என்று சவுக்காரம் போட்டுத் தேய்த்துவிட்டாள். மாட்டினால் அப்பாவின் மூச்சிலேயே மூடிக்கொள்கிறது. "வேலம்மா, இதுக்கும் தெய்ன் வந்திருச்சு" என்றார் அப்பா. மீதியில் கறுப்புக்கு வேலையே இல்லை, ரங்கூன் ஆகஸ்டில் அவ்வளவு வெயில் ஏது? அதைத் தினமும் எடுத்துப் பார்த்து, ஊதி, உறையில் போட்டு வைக்கிறார். மச்சான் அனுப்பியதில் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று அவருக்கு ஒரு வருத்தம். ஆக, பெரும்பாலும் மஞ்சள், வெயில் வந்தால் நிறமில்லாதது.

மஞ்சளால் வந்தது கருவாட்டு விவகாரம். டெல்டாவிலிருந்து ஒரே படகில் இரண்டு சரக்கு வந்தது. இரண்டும் வெள்ளை நைலான் சாக்கு. அப்துல் ரவூப் பாயின் கருவாட்டு மூட்டையில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. லான்மடாவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய அரிசி மூட்டையில் கோடு கிடையாது. எந்த மூட்டை எந்த வண்டிக்கு என்று கை காட்டுவதுதான் அப்பாவின் வேலை. வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசம் நீலம் மட்டும். அதை லென்ஸ் நிறுத்திவிட்டால் வெள்ளையும் மஞ்சளும் ஒன்று. அப்பாவுக்கு ஒரு கோடும் தெரியவில்லை. கருவாடு கல்யாண வீட்டுக்குப் போனது. "வாடை வரலியா மேஸ்திரி?" என்று ரவூப் பாய் கேட்டதற்கு, "ஜெட்டியில எதுதான் பாய் கருவாடு நாறல?" என்றார் அப்பா. பிரியாணிக்கு அரிசி வர மத்தியானம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டு, வேறு வீடு போலிருக்கிறது என்று திரும்பிப் போகப் பார்த்தார்களாம்.

இதுவரை எழுதியது சிரிக்கிற விஷயம். நீங்களும் சிரித்திருப்பீர்கள். போன வாரம் நடந்தது அப்படி இல்லை. மழை விட்டு வெயில் வந்தது. அப்பா படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் போட்ட பலகையில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றினார். மாற்றும்போது கண்ணில் ஒன்றும் இல்லை. பலகை இல்லாத இடத்தில் காலை வைத்துவிட்டார். ஜமால் காக்கா பாய்ந்து பிடித்ததில் லுங்கி அவர் கையில் வந்தது, அப்பா கயிற்றில் தொங்கினார், கீழே ஆறு. ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் உங்கள் கண்ணாடியை நனையாமல் உயர்த்திப் பிடித்திருந்தாராம். தூக்கி உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்த பிறகு ஜமால் காக்கா என்னைக் கடைக்கே தேடி வந்தார். "தம்பி, ஒங்க அத்தாவுக்கு நான் நிக்கிறது தெரியல. என் சத்தத்தப் பாத்துத்தான் பேசுறாரு" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் எதிரில் நின்று, "நான் என்ன சட்டை போட்டிருக்கேன், சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் மஞ்சளை மாட்டினார். கழற்றினார். நிறமில்லாததை மாட்டினார். "சட்டதான்" என்றார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் கடுமையாக ஏதும் சொல்லவில்லை. எனக்கும் எப்போதாவது சொல்லாமல் இருக்கத் தெரியும்.

ஆகவே மாமா, உங்களால் ஆக வேண்டியது ஒன்றுதான். நான் ஆஸ்பத்திரியில் நின்று கெஞ்சி, இந்த மாதக் கடைசிக்கு மறுபடி தேதி வாங்கியிருக்கிறேன். இதைத் தவறவிட்டால், ஆபரேஷனுக்கென்று வெளியூரிலிருந்து வருகிற அந்த டாக்டர்கள் அடுத்த வருஷம்தான் வருவார்கள். அதுவரை அந்தப் பலகை இருக்கும், அப்பா இருப்பாரா என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ராதா அக்கா பாங்காக் போகிறாள், இதை அங்கே தபாலில் போடுவாள். கிடைத்த அன்றே போன் செய்யுங்கள். "அத்தான், நான் அனுப்பினது வெளியில இருக்கிற மேகத்துக்கு. உள்ள இருக்கிறதுக்கு டாக்டர்தான். அந்தக் கண்ணாடியால ஒரு பிரயோஜனமும் இல்ல, தூக்கிப் போடுங்க" என்று சொல்லுங்கள். நான் சொன்னால் அது பையன் பேச்சு. நீங்கள் சொன்னால் கனடா பேச்சு. ஒரே ஒரு வேண்டுகோள், போனில் மேகம் என்ற சொல் வேண்டாம். தைலம்மாள் இன்னும் அங்கேதான் பூ விற்கிறாள். அவள் அரைத்த வேரே இன்னும் மிச்சம் இருக்கிறது.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அம்மா உங்களுக்குத் திருநீறு வைத்து அனுப்பியிருக்கிறாள். கவரைப் பிரிக்கும்போது தும்மல் வரும், பொறுத்துக்கொள்ளவும்.

தங்கள் அக்காள் மகன்,
செ. பிரேம்நாத்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். ராதா அக்காவின் பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததில் கடிதம் என் பையிலேயே கிடந்தது. அதற்குள் அப்பாவின் இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. நான் சொல்லி அவர் கேட்கவில்லை. சும்மா பேசிப் பாருங்கள் என்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் புரையைப் பற்றிச் சொன்னதற்கெல்லாம் அப்பா கூரையைப் பார்த்தார். கடைசியில், "ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் கறுப்புக் கண்ணாடி போடணும், வெளியில வாங்கிக்கணும்" என்றார் டாக்டர். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல கறுப்பா?" என்று கேட்டார். "நல்ல கறுப்பு." அப்பா என் பக்கம் திரும்பி, "பாத்தியா, மச்சான் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் அனுப்பியிருக்கான்" என்றார். அந்த லென்ஸ் வீணாகப் போகக் கூடாது என்பதற்காக ஆபரேஷன் செய்துகொண்டார். எனவே நீங்கள் போன் செய்ய வேண்டாம். கண்ணாடியால் பிரயோஜனம் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிட வேண்டாம், வலது கண் பாக்கி இருக்கிறது.

வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லியும், ஜெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று நேற்றுக் கறுப்பை மாட்டிக்கொண்டு போனார். ஊ தெய்ன் கறுப்பு போட்டதை அவர்கள் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். பளீரென்ற வெயில் வரப்போகிறது என்று ஜெட்டி முழுவதும் தார்ப்பாயை உருவிச் சுருட்டினார்கள். அப்பா கையைக் காலை ஆட்டிக் கத்தினாராம். மேஸ்திரி குஷியாக இருக்கிறார் என்று நினைத்தார்களாம். பிறகு மழை கொட்டியது. ரவூப் பாயின் கருவாடு முழுக்க நனைந்துவிட்டது. அவர் உங்கள் விலாசத்தைக் கேட்கிறார். நான் கொடுக்கவில்லை.

நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கண்ணால் என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஏன்டா, இந்தக் கட்டம் போட்ட சட்டையவா கடைக்கெல்லாம் போட்டுக்கிட்டுப் போற? காலர் கிழிஞ்சிருக்கே, யாரும் சொல்லலியா ஒனக்கு?"