இருபது மடங்கு மலையும் எங்கட மாடுகளும்

கிரான்,
மத்தியானம், மழை விட்டபாடில்லை.

அன்புள்ள தம்பி சுதாகரனுக்கு,

அக்கா சுலோஜனா எழுதிக்கொள்வது. கனடாவில் நீயும் பிரஷாந்தியும் குறைவின்றி வாழக் கண்ணகை அம்மாளை வேண்டுகிறேன். எங்கள் நலத்தை விரித்து எழுத வீட்டில் ஒழுகாத இடம் இல்லை. போன் கோல் ஒண்டும் போகுதில்ல. இதைப் படம் பிடிச்சு அனுப்புறன், சிக்னல் வாற நேரம் வந்து சேரட்டும்.

உன்ட அத்தானுக்கு நீ படிப்பிச்ச வேலையைக் கேள். செய்மதி அளந்த நில உயரத்தை இன்டர்நெட்ல சும்மா இறக்கலாம், சும்மா கிடைக்கிற மென்பொருளால ஊரையே பிரவுசருக்குள்ள எழுப்பலாம் எண்டு சொன்னாய்தானே? மனிசன் பென்சன் எடுத்த கையோட எழுப்பிற்றார். கிரான் தோசைக்கல்லு மாதிரித் தட்டையாக் கிடக்கு, பார்க்க வடிவில்ல எண்டு உயரத்தை இருபது மடங்கு கூட்டினார். வயல் வட்டைக்கு அங்கால நீட்டுக்கு ஒரு மலை! ஊர்ச்சனம் வந்து விரலால திருப்பித் திருப்பிப் பார்த்து வாயைப் பிளந்தது. நானும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன், என்ட புத்தியைச் சொல்லு.

இண்டைக்குக் காலையில வெள்ளம் வருதெண்டு அறிவிச்சாங்க. மனிசன் எங்கட பதினெட்டு மாட்டையும் சாய்ச்சுக்கொண்டு மலைக்குப் போயிற்றார். அவர் போன மறுகாதான் நான் படத்தை வடிவாப் பார்த்தன். ஐயோ தம்பி, அது மலை இல்லடா, பனங்கூடல்! செய்மதி அளந்தது பனை உச்சியை. அடியில பள்ளம், மாரியில நெஞ்சளவு தண்ணி நிக்கும். அந்தாளுக்கு நீந்தவும் தெரியாது. மாடு போனாப் போகட்டும், எனக்கு என்ட மனிசன் வேணும். அவசரத்தில எழுதுறன், எழுத்து விளங்காட்டிக் கோவிக்காத.

அவருக்குப் பின்னால மாடு கொண்டு போன பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளையை நான் றோட்டில நிண்டு மறிச்சிற்றன். "படத்தை நம்பாதகா, எல்லாத்தையும் எங்கட வீட்டு வளவுக்க விடு, இது மேடு" எண்டு கத்தித் தொண்டையும் கட்டிற்று. அவட முப்பது மாடும் இப்ப இங்கதான் நிக்குது. உன்ட இன்டர்நெட் கணக்கிலதானே படத்தை ஏத்தி வைச்சிருக்கிறார்? வாசிச்ச உடனே அழி. இன்னும் ஆரார் அதைப் பார்த்துத் தண்ணிக்க இறங்குறாங்களோ!

நீங்கள் எல்லாரும் நீடூழி நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்தபடி நிற்கும் அக்கா,
சுலோஜனா

பி.கு: இப்பதான் சிக்னல் வந்து அத்தான் கோல் எடுத்தார். பனை உயரத்தை அவர் மாசி மாதமே கழிச்சிற்றாராம். மலையெண்டது குளக்கட்டு! இருபது மடங்கு உயரத்தில குளக்கட்டைக் கண்டா எனக்கு எப்படித் தெரியும்? பதினெட்டு மாடும் காலில சேறு படாம நிக்குதாம். படத்தை அழிச்சிராத. அதில ஊரிலேயே தாழ்ந்த இடம் எங்கட வளவாம். தண்ணி வந்து மாடெல்லாம் விறாந்தைக்கு ஏறிற்று, ஆச்சிப்பிள்ளை தடியோட என்னைத் தேடுறா.