கொடியில் காய்ந்த குறியீடு

மேசைமேல் ஒரு டம்ளர் இருந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? தண்ணீர் இருந்தால் குடிப்போம், இல்லாவிட்டால் கழுவி வைப்போம். ஆனால் நம் நடுவிலேயே, நம்மைப் போலவே இட்லி தின்று, நம்மோடு ஒரே ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். டம்ளரைப் பார்த்தால் அவர்களுக்குத் தாகம் எடுப்பதில்லை. குனிந்து, அதை யார் வைத்தது, ஏன் ஓரமாக வைத்தது, பக்கத்தில் ஏன் இன்னொரு டம்ளர் இல்லை என்று ஆராய்வார்கள். பிறகு நிமிர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரே ஒரு சொல் சொல்வார்கள்: "குறியீடு!"

இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் குறியீட்டுக்காரர். முன்பெல்லாம் சினிமா பார்த்துவிட்டு வந்து, கதாநாயகி ஏன் பச்சைப் புடவை கட்டியிருந்தாள் என்று நம் உயிரை எடுத்தார்கள். இப்போது கூட்டமாகக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அங்கே இடம் தாராளம். சினிமா எப்படியும் முடிந்து தொலையும். விளையாட்டு முடிவதே இல்லை.

இந்த வகைக்குக் குறை சொல்ல முடியாத சாம்பிள் ஒன்று புதுவாயலில் இருக்கிறது. பெயர் ராபின். சிப்காட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவன் அம்மா மெர்சி இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது, அவளைப் பார்த்துக்கொள்ள நான் அந்த வீட்டில் தங்கியிருந்தேன். மெர்சி என்னை சிஸ்டர் என்பாள், ராபின் ஆயா என்பான். வேலை ஒன்றுதான்.

ராபினுடைய விளையாட்டுக்கு 'நைன்த் ஏர்லாக்' என்று பெயர். ஆகாயத்தில், நிலாவையெல்லாம் தாண்டி, ஒரு நிலையம் மிதக்கிறது. அதில் இருந்த அத்தனை பேரும் ஒருநாள் காணாமல் போய்விட்டார்கள். கிறுக்குப் பிடித்த ரோபோக்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நாம் துப்பாக்கியோடு போய்ச் சுட வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், அடுத்த கதவுக்குப் போக வேண்டும். கிட்டத்தட்ட ஆஸ்பத்திரி வார்டுதான், துப்பாக்கி மட்டும் கூடுதல். அந்த மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்று விளையாட்டு நேராகச் சொல்லாதாம். அதுதான் அதன் பெருமையாம். சுவரில் ஒரு கீறல், பெஞ்சுக்கடியில் ஒற்றைச் செருப்பு, மருந்து டப்பாவில் பொடி எழுத்தில் ஒரு பெயர் என்று கதையைத் துண்டு துண்டாக இறைத்து வைத்திருப்பார்கள். பொறுக்கிச் சேர்ப்பது ஆடுகிறவர் பாடு.

நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ராபின் பொறுக்குவதோடு நிற்பானா? பின்னால் ரோபோ வந்து கழுத்தை அறுத்துக்கொண்டிருக்கும். இவன் திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு அலமாரி டப்பாவைப் படித்துக்கொண்டிருப்பான். செத்துப்போவான். மறுபடி உயிரோடு வந்து, விட்ட வரியிலிருந்து படிப்பான். அம்மாவின் மாத்திரை அட்டையை ஒருநாளாவது இப்படித் திருப்பிப் பார்த்தானா என்று கேட்காதீர்கள். அதில் மர்மம் ஏதுமில்லை, காலையா இரவா என்பதுதான் இருந்தது.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான்.

"ஆயா, இந்த டம்ளர பாரு. கேன்டீன்ல எல்லா டம்ளரும் நிமிந்து கீது. இது ஒண்ணு மட்டும் ஏன் கவுந்து கீது?"

"கழுவி கவுத்திருப்பாங்க."

"யாரு?"

"யாரு கழுவினாங்களோ அவங்க."

"நீ மேலோட்டமா பாக்குற ஆயா. எதுவுமே சும்மா இருக்காது."

இந்த 'எதுவுமே சும்மா இருக்காது' இவர்களின் ஜெபம். இதைச் சொல்லும்போது குரல் தாழும், கண் இடுங்கும். அந்த ஒரு டம்ளரை வைத்து அவன் நிறுவியது என்னவென்றால், நிலையத்தின் சமையல்காரி உண்மையில் கேப்டனின் தங்கை, அவள் சாகவில்லை, அதே கம்பெனிக்காரர்கள் இதற்கு முன்னால் செய்த விளையாட்டில் வருகிற பனிக் கிரகத்துக்குத் தப்பிப் போய்விட்டாள், ஏனென்றால் அங்கேயும் ஒரு டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. விளையாட்டுக்குள் இப்படி ஒளித்து வைப்பதற்கு ஈஸ்டர் எக் என்று பெயராம். ஈஸ்டருக்குக்கூடச் சர்ச்சுக்கு வராதவன் ஈஸ்டர் எக் தேடி ஏழு கிரகம் போவான் என்று மெர்சி படுக்கையிலிருந்து கத்துவாள். அவன் காதில் ஹெட்போன்.

பிறகு அவனுடைய கூட்டாளி அன்பு ஒரு செய்தியோடு ஓடிவந்தான்.

"மச்சான், கம்பெனிக்காரனே சொல்லிட்டான்டா! டேபிள் காலியா இருந்துச்சுன்னு எவனோ ஒரு டம்ளர வெச்சானாம். அது கவுந்து வுழுந்துச்சாம். அவ்ளோதானாம்."

ராபின் நிதானமாகக் கேட்டான்: "அத்த ஏன்டா இப்ப சொல்றான்?"

"யாரோ கேட்டாங்க, சொன்னான்."

"கேட்டா சொல்லிடுவானா? ஒண்ணுமில்லன்னு அவ்ளோ தூரம் வந்து சொல்றான்னா, உள்ள இன்னாவோ பெருசா கீதுடா."

அன்புவின் முகம் மலர்ந்தது. பாருங்கள் இவர்களின் சௌகரியத்தை! இருக்கிறது என்றால் இருக்கிறது. இல்லை என்றால் நிச்சயமாக இருக்கிறது. வாயே திறக்காவிட்டால், ஐயோ, எவ்வளவு இருக்கிறது! இந்த மாதிரி ஆளை எதைக் கொண்டு தோற்கடிப்பீர்கள்?

டம்ளரோடு போயிருந்தால் நமக்கென்ன. ராபினுக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது. முப்பது தாண்டிவிட்டான். மெர்சியின் கணக்கு தெளிவானது: "இவன ஒருத்தி கைல புட்ச்சி குட்த்துட்டு நான் என் தங்கச்சி ஊட்டுக்குப் போய்டுவேன் சிஸ்டர். இவன் பேஜாரு தாங்கல." ராபினுக்கும் ஆசைக்குக் குறைவில்லை. இரட்டைக் கட்டில் வாங்கிப்போட்டு, ஒரு ஓரமாகப் படுத்து இப்போதே பழகிக்கொண்டிருந்தான். அப்படியும் வந்த வரனெல்லாம் தட்டிப்போனது. ஏன்? இவன் போகிற வீட்டிலெல்லாம் விளையாட்டை ஆடினான்.

திருநின்றவூரில் ஒரு பெண்ணைப் பார்க்க மெர்சியின் தங்கை அழைத்துப்போனாள். புது ஃபிளாட். கூடத்துச் சுவரில் ஒரு சுவிட்ச். போட்டான், விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை. எதையும் செய்யாத சுவிட்ச் என்றால் எங்கேயோ ரகசியக் கதவு திறக்கிறது என்று அர்த்தமாம். போட்டதை அணைக்காமல் அறை அறையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான். திறந்தது மாடித் தொட்டி. அது மோட்டார் சுவிட்ச். தண்ணீர் வழிந்து, மாடியில் வடகம் காயவைத்திருந்த பக்கத்து ஃபிளாட் அம்மாள் வெற்றுத் தட்டோடு இறங்கிவந்து போட்ட சத்தத்தில் பெண் பார்த்தல் நிறைவுபெற்றது.

மெர்சி வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியதும் நான் மீஞ்சூரில் வேறு வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கே சாம்சன், பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்த மனிதர். மனைவி இல்லை. ஒரே மகள் சோனியா, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவு. சோனியா பேசுவது எனக்குப் பிடிக்கும். கஞ்சி நன்றாக இல்லையென்றால் "கஞ்சி நல்லா இல்ல சிஸ்டர்" என்பாள். மறுநாள் நன்றாக இருந்தால் "நல்லா கீது" என்பாள். இரண்டுக்கும் நடுவில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதோ பாத்திரத்தை உருட்டுவதோ கிடையாது. ராபினுக்கு ஏற்றவள் என்று நினைத்து மெர்சியிடம் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா தன்னோடுதான் இருப்பார் என்று சோனியா முதலிலேயே சொல்லிவிட்டாள். ராபினும் சரி என்றான். அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த நேரத்துக்கு மெர்சியும் ராபினும் பெண் பார்க்க வந்தார்கள். உள்ளறையில் சாம்சனுக்கு வணக்கம் சொன்னான் ராபின். "சரி, சரி" என்றார் அவர். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். கஞ்சிக்கும் அதுதான், கொசுவுக்கும் அதுதான். ராபின் வெளியே வந்து என் காதில் கேட்டான்: "ஏன் ஆயா ரெண்டு வாட்டி சொன்னாரு?"

கூடத்துச் சுவரில் ஒரு ஆணி, அதற்குக் கீழே வட்டமாக வெளிறிப்போன இடம். தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே இருந்த கடிகாரம் ரிப்பேருக்குப் போயிருந்தது. நான் உள்ளறையிலிருந்து துண்டு போட்டு மூடிய பாத்திரத்தோடு வந்தேன். எழுந்து பின்னாலேயே வந்துவிட்டான்.

"இன்னா ஆயா, மூடி எட்த்துக்கினு போற?"

"தொறந்து பாரேன்."

திறந்து பார்த்தான். பெட்பேன். சாம்சனுக்கு அன்று நல்ல ஜீரணம். இதே பாத்திரம் மாதக்கணக்காக அவன் வீட்டிலும் இருந்ததுதான். தானாகக் காலியாகித் தானாகக் கழுவிக்கொள்ளும் என்று நினைத்திருந்தான் போலிருக்கிறது.

முகம் கழுவிக்கொண்டு திரும்பியவனைப் பார்த்துச் சோனியா எல்லார் முன்னாலும் சொன்னாள்: "எனக்குப் புட்ச்சிருக்கு. உங்களுக்கு?"

மெர்சி வாக்கரை விட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். நான் தாங்கிப் பிடித்தேன். ராபின் மட்டும் வெளுத்துப்போனான். அவனுக்கும் பிடித்திருந்தது, உள்ளே வந்ததிலிருந்து சட்டைக் காலரை நூறு தடவை சரிசெய்திருந்தான். ஆனால் அவனுடைய நிலையத்தில், முதல் கதவிலேயே உண்மை பேசுகிற ரோபோதான் கடைசியில் முதுகில் குத்தும். "யோசிச்சு சொல்றேங்க" என்றான்.

அந்த வாரம் முழுக்க எனக்கு போன்.

"ஆயா, ஒரு பொண்ணு இப்டி நேரா சொல்லுமா?"

"சொல்லுச்சே."

"அதான் ஆயா, ஏன் சொல்லுச்சு?"

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சாம்சனுக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். சோனியா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. கை கழுவுகிறேன் என்று பின்பக்கம் போனவன் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். துணிக்கொடியின் முன்னால் நிற்கிறான். கொடியில் ஒரு நீலச் சட்டை. முழுக்கை, பையில் பேனா மைக்கறை. முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், பித்தானுக்குத் தனியாக ஒரு படம் எடுத்து அன்புவுக்கு அனுப்பினான். சாம்சன் சட்டை போட்டு வருஷமாகிறது. அப்படியானால் இந்த வீட்டில் இன்னொரு ஆண்பிள்ளை வந்துபோகிறான்! எல்லாம் பொருந்திவிட்டது அவனுக்கு. சுவரில் வெளிறிய வட்டம், இரண்டு சரி, நேராகச் சொன்ன பெண். யாருடைய சட்டை என்று என்னைக் கேட்டிருக்கலாம், பத்தடி தூரத்தில் நின்றேன். குறியீட்டுக்காரர் கேட்கவே மாட்டார். கேட்டால் பதில் கிடைத்துவிடுமே!

போனில் அன்புவின் குரல் கொல்லைமுழுக்கக் கேட்டது: "மச்சான், காலர்ல சைஸ் போட்டுருக்கும், பாரு. ஆளு உயரம் தெரிஞ்சிடும்."

"நாப்பது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சோனியா. ரயிலிலிருந்து நேராக வந்திருந்தாள், தோளில் பை, கையில் டிபன் கேரியர். சுடிதாருக்குமேல் அதே மாதிரி இன்னொரு நீலச் சட்டை.

ராபின் சட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் போட்டிருந்ததும் அதே தையல்தான், நிறம்தான் சாம்பல்.

"இது... ஆம்பள சட்ட மாதிரி..."

"கம்பெனி சட்ட. உங்க கம்பெனில பொம்பளைங்களுக்குப் பட்டுப்பொடவையா குடுக்கறாங்க?"

போனுக்குள்ளிருந்து அன்பு, "மச்சான், மச்சான்" என்றான். ராபின் அணைத்தான்.

"புட்ச்சிருக்குன்னு சொன்னேன் இல்ல?" என்றாள் சோனியா.

"சொன்னீங்க. ஆனா அதுக்குள்ள இன்னான்னு..."

"உள்ள ஒண்ணும் இல்ல. புட்ச்சிருந்துச்சு, சொன்னேன். இப்ப புடிக்கல. அதையும் சொல்லிட்டேன்."

கொடியிலிருந்து சட்டையை உருவிக்கொண்டு உள்ளே போனாள். அவள் அப்பாவிடம் "சாப்ட்டியா நைனா?" என்று கேட்பதும், அவர் "சரி, சரி" என்பதும் கேட்டது. ராபின் கொஞ்ச நேரம் வெறுங்கொடியின் முன்னால் நின்றான். ஒரு தரம் உள்ளே போகக் கால் எடுத்தான். "தப்புங்க, புட்ச்சிருக்கு" என்ற இரண்டு சொல் போதுமாக இருந்த நேரம் அது. வாசலருகே போனவன், என்னைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"ஆயா, 'இப்ப புடிக்கல'ன்னா... அப்பால புடிக்கும்னு சொல்றாளா?"

"இல்லப்பா. புடிக்கலன்னா புடிக்கல."

"அப்ப 'இப்ப'ன்னு எதுக்கு போட்டா?"

நான் டயாப்பர் மாற்றப் போய்விட்டேன்.

இது நடந்து பல மாதமாகிறது. சோனியாவுக்கு அத்திப்பட்டில் வரன் நிச்சயமாகிவிட்டது. சாம்சனுக்கும் அந்த வீட்டில் ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறார்கள். நிச்சயதார்த்தப் போட்டோவை அவள் வாட்ஸ்அப்பில் வைத்தாள். ராபினும் அன்புவும் அதைப் பெரிதாக்கி, மாப்பிள்ளை ஏன் இடப்பக்கம் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அப்டேட் வரும் என்று ராபின் நம்புகிறான். எதுவும் வராது.

நேற்று மெர்சி போன் செய்தாள்.

"சிஸ்டர், அந்தப் பொண்ணு ஏன்தான் வேணான்னுச்சு?"

"புடிக்கலயாம்."

"அது சொன்னது சிஸ்டர். நெஜமான காரணம் இன்னா?"

மகன் எங்கிருந்து வந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது எனக்கு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: ஒரு சட்டைக்காகவா ஒருத்தி நல்ல வரனை விடுவாள், அந்த அத்திப்பட்டுக்காரன் முன்பே பழக்கமாக இருந்திருப்பான் என்று உங்கள் மனதில் ஒரு மூலையில் ஓடியதா இல்லையா? நான் அவளோடு ஒரே வீட்டில் இருந்தவள், சொல்கிறேன்: அப்படி ஒன்றும் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

என்ன, நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடுகிறதா?